இரண்டே முக்கால் அடி

"கோடு எங்கண்ணே?" என்று கேட்டாள் அளக்க வந்த பெண்.

பெயின்டருக்கு முதலில் விளங்கவில்லை. தெருவின் கடைசி வீட்டு முன்சுவருக்கு இரண்டாவது கோட் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன், ஏணியின் நாலாம் படியில் நின்றபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு கையில் கைப்பேசியும் இன்னொரு கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட நீள அளவுகோலுமாக அவள் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. செருப்பெல்லாம் சேறு. அவளுக்குப் பின்னால் தெருவே திரண்டு நின்றது. பதினோரு நாளாக யாரும் எட்டிப் பார்க்காத தெருவுக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டது என்கிற நிம்மதி எல்லார் முகத்திலும் இருந்தது.

"என்ன கோடும்மா?"

"தண்ணி நின்ன கோடுண்ணே. வெள்ளம் வடிஞ்சா சுவத்துல சேறு ஒரு கோடு விட்டுட்டுப் போகும்ல, அது. வீட்டுத் தரையிலேர்ந்து அதுவரைக்கும் கோலை நிறுத்தி போட்டோ எடுக்கணும். முப்பத்தொரு வீட்டுலயும் பார்த்துட்டு வரேன், ஒண்ணுலயும் காணோம்."

பெயின்டர் சிரித்தான். பெருமையாகவே சிரித்தான். "அதெல்லாம் நம்ம தெருவுல எப்படிம்மா இருக்கும்? நான் விட்டுவைப்பேனா?"

அந்தச் சிரிப்புக்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு அவனுக்குத் தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குச் சிரிக்க உரிமை இருந்தது. ஏரிக்கரை உடைந்து தண்ணீர் தெருவுக்குள் புகுந்தபோது எல்லாரும் கட்டிய துணியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஐந்து நாள் அங்கே கிடை. மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டது. சுகாதாரத்துறை நர்ஸ் ஒருத்தி வந்து ஒலிபெருக்கியில் தொண்டை கிழியச் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போனதும் சேற்றை வழியுங்கள், சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் படுத்துக்கொள்வார்கள் என்று. ஊரே அதைக் கேட்டது, ஒரு தெருதான் செய்தது. செய்ததற்குக் காரணம், பெயின்டர் வீட்டுப் பரணில் ஒரு வேலைக்காக வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டைகள் பதினொன்று நனையாமல் தப்பியிருந்ததுதான்.

அவன் அதை விற்றிருக்கலாம். அந்த வாரம் சுண்ணாம்புக்கு ஊரில் பறந்தார்கள். விற்கவில்லை. "நம்ம வீட்டை மட்டும் அடிச்சு என்ன பண்றது, பக்கத்து வீட்டு நாத்தம் நம்ம வீட்டுக்குள்ளதானே வரும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தெருமுழுக்க ஆட்களைத் திரட்டினான். ஆறு நாள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், ஆண்கள் கம்பி பிரஷ்ஷால் சுவரைச் சுரண்டினார்கள். மளிகைக்கடைக்காரர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எல்லாருக்கும் ஒரே அடுப்பில் சமையல். சேறு படிந்த சுவருக்கு ஒரு கோட் அடித்துவிட்டுப் போனால் இரண்டே நாளில் கறை மேலே ஊறி வந்து இளித்துக்கொண்டு நிற்கும். அதற்காக நன்றாகச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, இரண்டு கோட் அடித்தான். இருபத்திரண்டு வருஷ வேலையில் கறை ஊறி வந்த சுவர் என்று ஒன்றுகூடத் தன் பேரில் கிடையாது என்பதுதான் அவன் பீற்றிக்கொள்கிற ஒரே விஷயம். அரைகுறையாக வேலை செய்கிற எவனாவது அந்தத் தெருவுக்கு வாய்த்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள்.

அளக்க வந்த பெண் விதியைச் சொன்னாள். கோடு மூன்றடிக்கு மேல் இருந்தால் வெள்ள நிவாரணத்துக்கு முழு அட்டை. அதற்குக் கீழே இருந்தால் பாதி அட்டை. கோடே இல்லாவிட்டால் பாதிக்கப்படாத வீடு.

"பாதிக்கப்படாத வீடா?" என்று கேட்டான் பெயின்டர். ஏணியிலிருந்து இறங்கியிருந்தான். "அஞ்சு நாள் பள்ளிக்கூடத்துல கிடந்தோம். பேரு எழுதி வாங்கினாங்க. அதைப் பாரும்மா."

"நான் நம்புறேண்ணே. இது நம்பாது." கைப்பேசியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். "கோடும் கோலும் ஒண்ணா இருக்கிற போட்டோ இல்லாம அடுத்த பக்கத்துக்கே போகமாட்டேங்குது. நான் என்ன பண்ண?"

அவள் போய்விட்டாள். பிறகு யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து சுண்ணாம்பைச் சுரண்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்து எல்லாரும் சுரண்டினார்கள். கரண்டி, தோசைத் திருப்பி, திருப்புளி என்று கைக்குக் கிடைத்ததை வைத்துச் சுரண்டினார்கள். சுண்ணாம்பு வந்தது, அதற்குக் கீழே இருந்த பூச்சு வந்தது, சில வீட்டில் செங்கல்கூடத் தெரிந்தது. கோடு வரவில்லை. பெயின்டர் அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தான்.

அன்று சாயங்காலம் குழாயடியில் முதல் பேச்சு எழுந்தது. "யாரு இவனைப் பண்ணச் சொன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பேதியில் துவண்டு கிடந்தபோது பெயின்டர்தான் தன் வண்டியில் உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். பெயின்டரின் மனைவி குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். "இனிமே நீங்க போய்த் தண்ணி பிடிங்க. என்னால அவளுங்க பேச்சைக் கேட்டுட்டு நிக்க முடியாது" என்றாள். ஆறு நாள் சுண்ணாம்பில் பொத்துப்போன இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு பெயின்டர் உட்கார்ந்திருந்தான்.

அவனுக்குத் தன் வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. வாளியும் பிரஷ்ஷும் ஏணியும் தண்ணீரில் கிடந்தாலும் கெட்டுப்போகாத சாமான்கள். கவலையெல்லாம் அக்காவைப் பற்றித்தான். மூன்று வீடு தள்ளி இருக்கிற அவனுடைய அக்கா தையல்காரி. அத்தான் போய்ச் சேர்ந்த ஏழு வருஷமாக அந்த ஒரு மெஷின்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது. வெள்ளத்தில் அது பாதி முழுகிவிட்டது. மேல்பாகம் மட்டும் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்க, ஊசியும் பாபினும் மோட்டாரும் ஐந்து நாள் சேற்றுத் தண்ணீருக்குள் ஊறிக் கிடந்தன. பிரித்துப் பார்த்த மெக்கானிக் கையை விரித்துவிட்டான். முழு அட்டை இருந்தால் தொழில் செய்கிறவர்களுக்குத் தொழில் கருவி கொடுப்பார்கள் என்று அந்தப் பெண் படித்துக்காட்டிய பட்டியலில் இருந்தது. தையல்காரர்களுக்குத் தையல் மெஷின் என்று தனியாகவே போட்டிருந்தது. பாதி அட்டைக்கு ஒரு போர்வை, ஒரு அடுப்பு, இரண்டு வாளி.

மறுநாள் மேட்டுத்தெருவிலிருந்து சேதி வந்தது. அங்கே கணுக்காலுக்குமேல் தண்ணீர் வரவில்லை, அதுவும் அரைநாளில் வடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தெரு வீடுகள் பழசு. பின்சுவர்களில் பத்து வருஷமாகத் தரை ஈரம் ஓதமாக ஏறி, நாலடி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு வரிசையாக எல்லா வீட்டிலும் இருந்தது. வேறொரு பையன் போய் அளந்திருக்கிறான். கோல் இருந்தது, கோடு இருந்தது, கைப்பேசி அடுத்த பக்கத்துக்குப் போனது. மேட்டுத்தெரு மொத்தத்துக்கும் முழு அட்டை.

அதைக் கேட்டதும் பெயின்டர் கிளம்பிவிட்டான். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு நிவாரண அலுவலகத்துக்குப் போனான். இரண்டு மணி நேரம் நிற்க வைத்தபிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. மேசைமேல் ஆறிப்போன டீ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"அடையாளத்தை அழிச்சது யாரு?"

முப்பது பேரும் திரும்பிப் பெயின்டரைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அங்கே இங்கே பார்க்கவில்லை. கூடச் சேர்ந்து சுரண்டிய கைகள், தண்ணீர் சுமந்த இடுப்புகள், எல்லாம் அவனையே பார்த்தன.

"சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது உங்க சுகாதாரத்துறை சார்" என்றான் பெயின்டர்.

"அது வேற துறை."

"மேட்டுத்தெருவுல இருக்கிறது ஓதம் சார். வெள்ளக் கோடு இல்ல. நான் பெயின்டர், எனக்குத் தெரியும். பத்து வருஷமா அதைப் பார்த்துட்டிருக்கேன்."

"போட்டோவுல கோடு இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம்?" என்றார் அதிகாரி. பின்னால் நின்ற பெண்கள் கத்த ஆரம்பித்ததும், பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி ஆள் அனுப்புவதாகச் சொன்னார். விதி அதேதான். கோடு இருந்தால் பார்ப்பார்கள். வெளியே வந்தபோது பெயின்டருக்குத் தொண்டைவரைக்கும் கெட்ட வார்த்தை வந்து நின்றது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டான். அந்த ஆளைத் திட்டலாம் என்றால் அவர் ஒரு வேலைக்காரர். அந்தப் பெண்ணைத் திட்டலாம் என்றால் அவள் அதைவிடச் சின்ன வேலைக்காரி. மூன்றடி என்று எங்கேயோ ஒரு குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியவன் எவனோ, அவனுக்கு முகமும் கிடையாது முகவரியும் கிடையாது.

வழியிலேயே கடைக்காரர் தொடங்கிவிட்டார். தெருமுனையில் மளிகைக்கடையும் அதை ஒட்டி வீடும் வைத்திருப்பவர். "அழிச்ச கைதானே, போட்டுக் குடுத்துடு" என்றார்.

"என்னத்தை?"

"கோட்டைத்தான். ஊரு பூரா கதவுல மர ரேகை வரைஞ்சு பெயின்ட் அடிக்கிறவன், உனக்கு ஒரு சேத்துக்கோடு போட வராதா?"

பெயின்டருக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது. ஆனால் கூட வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். அக்கா கடைசியில் வந்துகொண்டிருந்தாள். அவள் மட்டும் தரையைப் பார்த்து நடந்தாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தான். இருந்த கோடுதான். அதை அழித்தது அவன். அழித்ததைத் திரும்ப அதே இடத்தில் வைத்தால் அது எப்படிப் பொய்யாகும்? யோசிக்க யோசிக்க நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் எல்லாரையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைச் சொன்னான். "இருந்தது இருந்தபடி. ஒரு விரல் கூட ஏத்த மாட்டேன், இறக்கவும் மாட்டேன். சம்மதம்னா வாளியைத் தொடுறேன்." எல்லாரும் சம்மதம் என்றார்கள். கடைக்காரரும் சொன்னார்.

சாக்கடை ஓரத்து வண்டலை வாரித் துணியில் சலித்தான். கொதித்த டீத்தூள் தண்ணீரும் கொஞ்சம் பசையும் கலந்தான். வெள்ளம் விட்ட கோடு ஒற்றைக் கோடாக இருக்காது. மேலே தடிமனாக ஒன்று, அதற்குக் கீழே தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியபோது விட்டுப்போன மெல்லிய கோடுகள் இரண்டு மூன்று, அங்கங்கே ஒட்டிய குப்பை. கதவு மூலையில் கொஞ்சம் மேலே ஏறும், அலமாரி மறைத்த இடத்தில் மங்கும். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்தான். வெள்ளமே வந்து பார்த்தாலும் தன் வேலை என்றுதான் சொல்லும். உயரத்துக்கு அவன் கோல் வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் அவனே தேய்த்தவன், எந்த வீட்டில் எதுவரை குனிந்தான் எதுவரை நிமிர்ந்தான் என்பது அவன் முதுகுக்குத் தெரியும். இருபத்திரண்டு வீட்டில் மூன்றடிக்கு மேலே. ஒன்பது வீட்டில் கீழே.

அந்த ஒன்பதில்தான் தெரு உடைந்தது.

கடைக்காரர் வீட்டில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பிரஷ்ஷை வைத்தான். "என்னப்பா இது?" என்றார் அவர். "ரெண்டடிகூட வராது போலிருக்கே."

"அவ்வளவுதான்ணே இருந்துச்சு."

"என் சரக்கெல்லாம் போச்சு. அரிசி மூட்டை ரெண்டடியில அழுகாதா? மூணடியில இருந்தாத்தான் அழுகுமா?"

அதில் நியாயம் இல்லை என்று பெயின்டரால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் போட்டது போட்டதுதான் என்று அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கேயும் அதே பாட்டு. இன்னொரு வீட்டில் கையைப் பிடித்துப் பிரஷ்ஷை மேலே தள்ளினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டவர்கள் இப்போது பக்கத்து வீட்டுச் சுவரை எட்டிப் பார்த்து, விரலால் சாண் போட்டு, "அவங்களுக்கு மட்டும் எப்படி மூணேகால்?" என்று கேட்டார்கள். யார் வீட்டில் என்ன இழப்பு என்று யாருக்கும் அக்கறை இல்லை, யார் சுவரில் எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. ஆறு நாளில் சேர்ந்த தெருவை அரைநாளில் பிரித்துவிட்டது அந்தக் கோடு.

அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தான். அக்காவின் வீடும் அந்த ஒன்பதில் ஒன்று. அவள் வீடு பள்ளத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்கு மழை தண்ணீர் உள்ளே வருகிறது என்று, தைத்துச் சேர்த்ததையெல்லாம் போட்டுத் தரையை முக்கால் அடி ஏற்றியிருந்தாள். கோடு வீட்டுத் தரையிலிருந்துதான் அளக்கப்படும். அதனால் பக்கத்து வீடுகளில் மூன்றரை நின்ற தண்ணீர் அவள் வீட்டில் இரண்டே முக்கால். தையல் மெஷின் மேசையின் உயரமே இரண்டரை. அதற்குமேல் மூன்று அங்குலம் ஏறிய தண்ணீர் மெஷினைக் கொன்றுவிட்டது. மூன்றடி என்று விதி எழுதியவன் வாழ்நாளில் ஒரு தையல் மெஷின்முன் உட்கார்ந்தவன் இல்லை.

உள்ளே நுழையும்போது அவன் மனைவி பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னாள். "நாலே நாலு விரல்தாங்க. அண்ணிக்கு மட்டும் ஏத்திப் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றான். "ஊருக்கெல்லாம் நியாயம் பேசிட்டு, அக்காவுக்கு மட்டும் ஏத்தினா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிட்டு இந்தத் தெருவுல நடப்பேன்?"

அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மூலையில் துருப்பிடித்த மெஷின்மேல் பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருந்தாள். இன்னொரு மூலையில் சேற்றில் ஊறி வீணாய்ப்போன, ஊரார் தைக்கக் கொடுத்த துணிகள் மூட்டையாகக் கிடந்தன. அவனுக்கு வாளியைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பெலும்புக்கு நாலு விரல் கீழே பிரஷ்ஷை வைத்தபோது அவன் கை நின்றது.

"போடுடா. இருந்தது அவ்வளவுதானே?" என்றாள்.

போட்டான். மூன்று சுவருக்கும் போட்டு முடித்தபிறகு, வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "தரையை ஏத்தாம இருந்திருக்கலாம், இல்லடா?" அவனுக்கு அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. கைகூடக் கழுவாமல் வெளியே வந்துவிட்டான்.

மறுகணக்கெடுப்புக்கு அதே பெண்தான் வந்தாள். காலை ஒன்பது மணி இருக்கும். பெயின்டர் அவள்கூடவே நடந்தான், வாளியும் கையில்தான் இருந்தது, எங்காவது கோடு உதிர்ந்திருந்தால் தொட்டுவிடலாம் என்று. முதல் வீடு கடைக்காரருடையது. உள்ளே நுழைந்ததும் பெயின்டர் சுவரைப் பார்த்தான், பிறகு கடைக்காரரைப் பார்த்தான். முழங்காலுக்குமேல் அவன் போட்ட கோடு இருந்த இடத்தில் வெள்ளை பூசப்பட்டிருந்தது. மூன்றடிக்குமேல் இரண்டு விரல் உயரத்தில், கொழகொழவென்று, வரப்புமாதிரி நேராக, புதிதாக ஒரு கோடு. விடிவதற்குள் யாரோ ஸ்பாஞ்ச் வைத்து ஒற்றியிருக்கிறார்கள்.

அளக்கும் பெண் கோலை நிறுத்தக் குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள். "காபி வாசனை வருதே" என்றாள்.

"கடையில காபித்தூள் மூட்டை முழுகிப்போச்சும்மா" என்றார் கடைக்காரர், கண்ணை இமைக்காமல்.

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு போட்டோ எடுத்தாள். கைப்பேசி சின்னதாக ஒரு மணி அடித்தது. முழு அட்டை. கடைக்காரர் பெயின்டர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டில் செம்மண். ஒரு வீட்டில் ஷூ பாலிஷ். மூன்றடிக்குக் கீழே இருந்த எல்லாக் கோடும் ஒரே இரவில் வளர்ந்திருந்தது. வீட்டுக்காரர்கள் பெயின்டரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அல்லது உள்ளே அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்தார்கள். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை அக்காவிடம் சொல்லியிருக்க மாட்டார்களா? நாங்கள் ஏற்றுகிறோம், நீயும் ஏற்றிக்கொள் என்று ஒருத்திக்குக்கூடவா வாய் வரவில்லை? அவன் காதில் சொல்லிவிடுவாள் என்று பயந்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்த மணி அடிக்க அடிக்கப் பெயின்டருக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது. நல்லவனாக இருந்து தொலைந்தவன் அந்தத் தெருவில் தான் ஒருத்தன்தான் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த நல்லதனத்துக்கு விலை கொடுக்கப்போவது அவன் இல்லையே.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். பின்னாலேயே தெருவும் வந்து வாசலில் கூடிவிட்டது. அந்தப் பெண் உள்ளே போய்ச் சுவரை உற்றுப் பார்த்தாள், மெல்லிய கோடுகளை விரலால் தடவாமல் காற்றிலேயே தடவினாள். பெயின்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது காபியும் இல்ல, செம்மண்ணும் இல்லண்ணே, நிஜக் கோடு மாதிரியே இருக்கு" என்றாள்.

கோலை நிறுத்தினாள். குனிந்து படித்தாள். அதற்குப்பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டே முக்கால். பாதி அட்டைதான் வரும்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மூலையில் இருந்த மெஷின்மேல் போட்டிருந்த சேலை நழுவியிருப்பதைப் பார்த்து, போய் அதைச் சரியாக இழுத்து விட்டாள். வாசலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சுக்கொட்டல் காதில் விழுந்ததும்தான் பெயின்டருக்குள் இருந்தது எல்லாம் அறுந்தது.

"கொஞ்சம் நில்லும்மா" என்றான்.

வாளியில் பிரஷ்ஷை முக்கினான். வழிய வழிய எடுத்தான். அந்தப் பெண்ணின் கண்ணெதிரே, வாசலில் நிற்கிற அத்தனை பேரின் கண்ணெதிரே, தன் நெஞ்சு உயரத்துக்குச் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுத்தான். தடிமனும் மெலிவும் இல்லை, குப்பையும் இல்லை, கதவு மூலையில் ஏறவும் இல்லை. வேலை தெரியாதவன்கூட அவ்வளவு மோசமாகப் போடமாட்டான்.

"எடு போட்டோ."

"அண்ணே, என்னண்ணே இது? நான் கண்ணால பார்த்துட்டேனே."

"கண்ணால பார்த்ததை எழுத அதுல எங்கயாவது இடம் இருக்கா? காபி வாசனைன்னு எழுத இடம் இருந்துச்சா? ஓதம்னு எழுத இடம் இருந்துச்சா? நிஜக் கோடுன்னு சொன்னியே, அதை எழுத இடம் இருக்கா?" அவன் குரல் தெருமுனைவரை கேட்டது. "கோடு கேட்டது, கோடு இருக்கு. கோல் கேட்டது, உன் கையில இருக்கு. எடு."

வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைக்காரர் முன்னால் வந்தார். "இது அநியாயம்" என்றார். "அதிகாரியம்மா கண்ணு முன்னாடியே பொய்க்கோடு போடுறான், எல்லாரும் பார்த்துட்டு நிக்கிறீங்களே? இவனாலதான் நம்ம எல்லா அட்டையும் போகப்போகுது, பாருங்க."

பெயின்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கையில் இருந்த பிரஷ் எங்கே போகும் என்று அவனுக்கே பயமாக இருந்தது. கடைக்காரர் சொன்னது பொய் என்று சொல்லவும் தெருவில் ஆள் இல்லை, சரி என்று சொல்லவும் ஆள் இல்லை.

"டேய், வேண்டாம்டா" என்றாள் அக்கா. ஆனால் பிரஷ்ஷைப் பிடுங்க அவள் வரவில்லை. மெஷின் சேலையைப் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். அவள் கண் தம்பிமேல் இல்லை, அளக்க வந்த பெண்ணின் கைமேல் இருந்தது.

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு கோலை மெதுவாக நகர்த்திப் புதிய கோட்டுக்கு நேரே நிறுத்தினாள். சேறு இன்னும் காயவில்லை. கோட்டிலிருந்து இரண்டு மூன்று துளி வழிந்து, சிவப்புக் கட்டம் வெள்ளைக் கட்டம் என்று கோலின்மேல் இறங்கி, அதைப் பிடித்திருந்த அவள் விரலை வந்து தொட்டது. அவள் கோலை விடவில்லை. மற்றக் கையில் கைப்பேசியை உயர்த்தி, கட்டைவிரலைப் பொத்தானுக்குமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.